ஆனைமலை மழைக்குச் சந்தனப் பொட்டு

24 செப்டம்பர், புதன்
பால், பூக் கணக்கு எழுதியாயிற்று. மருமகள் நவ்யா படத்தை முடித்துவிட்டாள். பச்சை, நீலம், நடுவில் மஞ்சள். தோசை மாவு போல அப்பிக் கரண்டியால் இழுத்திருக்கிறாள். ஆளும் இல்லை, மரமும் இல்லை. "என்ன கண்ணு இது?" என்றேன். "ஆனைமலையில மழைங்க அத்தை." மாசாணியம்மனைக் கும்பிட எத்தனையோ தரம் அங்கே போயிருக்கிறேன். இப்படி மழை பார்த்ததில்லை.

26, வெள்ளி
எங்கள் பம்ப் கம்பெனியில் கணக்கெழுதும் ஈஸ்வரமூர்த்தி வேலையை விட்டு நின்றுவிட்டார். எங்கள் வீட்டுக்காரர் நவ்யாவிடம், "படம் வித்துதுன்னா வரைஞ்சுட்டே இரு அம்மணி. இல்லீன்னா ஆபீசுக்கு வந்துரு. பி.காம். எதுக்குப் படிச்சே?" என்றார். சரி என்றாள். சாப்பிடவில்லை.

29, திங்கள்
வீடுகளுக்கு அலங்காரம் செய்து தரும் சஹீர் தம்பி படத்தைப் போட்டோவில் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றாராம். சனிக்கிழமை வருகிறார். விளக்கேற்றினேன்.

1 அக்டோபர், ஆயுத பூஜை
கிரைண்டர், மிக்ஸி, தையல் மெஷின், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். அவள் தொழிலை மட்டும் விடுவதா? மாடிக்குப் போய்ப் படத்துக்கும் சந்தனம் குங்குமம், மூன்று இடத்தில். விரல் உள்ளே போயிற்று. ஈரம் போல. சூடம் காட்டினேன்.

2, வியாழன்
நவ்யா பார்த்துவிட்டாள். பொட்டைச் சுரண்ட உட்கார்ந்தாள். கத்தியிருக்கலாம்.
இவர்: "லேத்துக்குப் பொட்டு வெப்பாங்க. விக்கப்போற பம்புக்கு ஆராச்சும் வெப்பாங்களா?"
நியாயம்தான். பிரஷ்ஷுக்கு வைத்திருக்க வேண்டும்.

4, சனி
அவள் சுரண்டிய இடத்தில் மூன்று பள்ளம், ஓரமெல்லாம் சிவப்பு. சஹீர் தம்பி, "மழையில செவப்பு ஏனுங்க?" என்றார். நான்தான் சொன்னேன். "நீங்க நல்ல மனசுலதான் வெச்சீங்கம்மா. ஆனா பார்ட்டி ஒத்துக்க மாட்டாங்க." காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.
என்ன காரியம் செஞ்சுபோட்டேன்! அவ பொழப்புல கைய வெச்சுட்டனே—

5, ஞாயிறு
"நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துரு அம்மணி" என்றார் இவர். நவ்யா தலையாட்டினாள்.
"ஏனுங்க, கெடுத்தது நானு. அவ எதுக்கு வரோணும்? நான் வாரேன்" என்றேன்.
"நீயா? எட்டாவதோட நின்னவ."
"ஊட்டுக் கணக்கு என்னைக்காச்சும் இடிச்சிருக்குதுங்களா?"
"கம்ப்யூட்டரு?"
"காட்டுனா கத்துக்கறேன்."
இவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

13, திங்கள்
ஆபீசில் எனக்கு நாற்காலி உயரம். காலுக்கு ஒரு பம்ப் பெட்டியைப் போட்டுக்கொண்டேன். மதியம் நவ்யா கட்டிக் கொடுத்த சாப்பாடு. சாதம் குழைந்திருந்தது. டப்பா மூடியில் பச்சைப் பெயிண்ட்.
"ரசத்துல உப்பே இல்லியே" என்றார் இவர்.
"அவளுக்கு வேலை இருக்குதுங்க. சாப்பிடுங்க" என்றேன்.