கையில் எட்டுக் கிலோ

பேர்ண், சுவிஸ்
22.02.2009

அன்பான கம்சா,

நான் சுகம். நீயும் மாமியும் சுகமாக இருக்க மாமாங்கப் பிள்ளையார் துணை.

விசா கிடைத்துவிட்டது. நாலு வருடம் கழித்து என் மனைவியைப் பார்க்கப் போகிறேன். மே பத்தொன்பது இரவு விமானம். நடுவில் ஒரு இடத்தில் மாற வேண்டும். அங்கே பெரிய பெட்டிகள் தவறிப்போகின்றன. ஆகவே பெட்டி வேண்டாம், கையில் கொண்டு வரும் பை மட்டும்.

கவனமாகக் கேள். நீளம் ஐம்பத்தைந்து சென்ரிமீற்றர், அகலம் நாற்பது, தடிப்பு இருபது. சில்லும் கைபிடியும் சேர்த்துத்தான் இந்த அளவு. எட்டுக் கிலோவுக்கு மேல் கூடாது. கவுண்டரில் இரும்புக் கூடு ஒன்று வைத்திருப்பார்கள். அதற்குள் இறங்காவிட்டால் பறித்துவிடுவார்கள். என்னோடு சமையலறையில் வேலை செய்யும் அழகரத்தினம் அண்ணரின் மனைவி, கருவாடு அடைத்து வீங்கிய பையோடு வந்து அந்தக் கூட்டடியில் நின்று அழுதாவாம்.

உனக்கு இதெல்லாம் சொல்லித் தரத் தேவையில்லை. பையைப் பிடித்துக்கொண்டு ஓடுவதில் உன்னை மிஞ்ச யார் இருக்கிறார்கள்! பகிடிக்குத்தான். கோபிக்காதே.

என்றும் உன்,
உதயன்


திராய்மடு, மட்டக்களப்பு
15.03.2009

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், பகிடியை மட்டும் விட்டுவிட்டு.

காத்தான்குடியில் முனாப் நானாவின் கடையில் நீலப் பை ஒன்று வாங்கினோம். துணி அளக்கும் நாடாவால் அளந்து பார்த்து, "சில்லையும் சேத்தா அளக்கச் சொல்றாங்க? அப்ப உள்ளுக்கு காத்தத்தான் வெச்சுக் கொண்டு போகணும் தங்கச்சி" என்றார். "காத்து பாரம் வராதுதானே, அதயே நிறைய வெச்சுத் தாங்க" என்றா அம்மா. கனகாலத்துக்குப் பிறகு அம்மா சிரித்ததைப் பார்த்தேன்.

போன கிழமை வாவியில் ஓர் உடல் மிதந்தது. கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. யாரும் கிட்டப் போகவில்லை. அம்மா மீன் வாங்குவதை நிறுத்திவிட்டா.

மச்சான், உங்கள் பகிடிக்குப் பதில் எழுத வேண்டும். தொண்ணூறாம் ஆண்டிலிருந்து எங்கள் வீட்டுக் கதவடியில் எப்போதும் ஒரு பை இருந்தது. அடையாள அட்டை, காணி உறுதி, நகை. சத்தம் கேட்டால் அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அப்போது நாம் இருந்த நாவலடியில் சுனாமிக் கடல் வந்த காலையிலும் சத்தம்தான் முதலில் கேட்டது. சண்டை நின்றிருந்த காலம், ஆனாலும் ஷெல் என்றுதான் நினைத்தேன். ஒரு கையில் பை, மறு கையில் யதுஷி. தண்ணீர் அடித்துப் புரட்டியபோது பையின் வார் என் தோளில் சிக்கிக்கொண்டது. பிள்ளைக்கு வார் இல்லை.

வேலைக்குப் போயிருந்த நீங்கள் வாழைச்சேனையிலிருந்து அகதி முகாமுக்கு வந்தீர்கள். அத்தனை சனத்துக்கு முன்னால், அதே பையால் என் முகத்தில் அடித்தீர்கள். விழுந்த பிறகும் அடித்தீர்கள். "பேக்கப் பெத்தவளே, இதயே வளத்துக் கொள்ளு" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்கு இடது காது கேட்பதில்லை.

நீங்களும் அழுதீர்கள் என்பது தெரியும். அடித்தது பிழை என்று ஒரு வரி எழுதுங்கள். அது போதும், பயமில்லாமல் வருவேன்.

உங்கள்,
கம்சா


பேர்ண்
06.04.2009

கம்சா,

ஏன் பழையதைக் கிளறுகிறாய்? பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தகப்பனும் அப்படித்தான் நடந்திருப்பான். இப்படியெல்லாம் எழுதப் பழகுவாய் என்று தெரிந்திருந்தால் உன்னைக் கம்பஸுக்குப் போக விட்டிருக்க மாட்டேன். உங்கள் குடும்பத்தில் யார் படித்தார்கள், நீ படிக்க?

நமக்குப் பிள்ளை இருந்ததென்று இங்கே யாருக்கும் தெரியாது. கல்யாணம் முடித்த கையோடு ஓடி வந்தவன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். சனம் வந்து துக்கம் விசாரித்தால் என்னால் தாங்க முடியாது. உன்னைக் கூட்டிவர விமான நிலையத்துக்கு அழகரத்தினம் அண்ணர் குடும்பமும் வரும். ஆகவே பிள்ளையின் படம் அந்தப் பைக்குள் இருக்கக் கூடாது. அவள் பெயர் உன் வாயில் வரவும் கூடாது. வந்தால், முகாமில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும்தானே? அங்கே பிடித்து விலக்கச் சனம் இருந்தது. இங்கே நாம் இரண்டு பேர்தான்.

பையை வீட்டிலேயே நிறுத்துப் பார். எட்டுக் கிலோ.

உதயன்


திராய்மடு
24.05.2009

உதயனுக்கு,

நீங்கள் தொலைபேசியில் கத்தியபோது அதை இடது காதில் வைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே என்ன சொன்னீர்கள் என்று தெரியாது. ஏன் வரவில்லை என்பதை எழுதுகிறேன்.

நான் வெளிக்கிட்டேன். பை ஏழரைக் கிலோ. யதுஷியின் படத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவ்வளவுக்கு உங்களுக்குப் பயந்திருந்தேன்.

கொழும்பு போகும் வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். சண்டை முடிந்துவிட்டதென்று தெருவெல்லாம் சனம் வெடி கொளுத்திக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற சித்தாண்டி ஊர்க்காரர் ஒருவரிடம் ஒரு ஆமிக்காரன் சிங்களத்தில் ஏதோ கேட்டான். அவர் விளங்காமல் சிரித்தார். துவக்குப் பிடியால் வாயில் அடித்தான். பல் தெறித்து என் செருப்பில் விழுந்தது. இன்னொருவன் என் பையைத் தரையில் கொட்டினான். எதையாவது ஒளித்துத் தைத்திருக்கிறேனா என்று வெறும் பையைச் சப்பாத்தால் மிதித்தான். சில்லு உடைந்து, பக்கம் பிளந்தது. "போ, போ" என்றான்.

குனிந்து உடுப்புகளைப் பொறுக்கினேன். என் கை நடுங்கவில்லை. அவன் எனக்கு யாருமில்லை. பிறகு, பிளந்து விரிந்த இந்தப் பை அந்த இரும்புக் கூட்டுக்குள் இறங்காதே, நீங்கள் என்ன செய்வீர்களோ என்று நினைத்தேன். அப்போதுதான் நடுக்கம் தொடங்கியது. நிற்க முடியாமல் நிலத்தில் குந்திவிட்டேன். துவக்குக்காரனுக்கு முன்னால் இருந்துகொண்டு நான் உங்களுக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

சித்தாண்டிக்காரரின் மனைவி சேலைத் தலைப்பால் அவருடைய வாயைப் பொத்திப் பிடித்தபடி என்னைப் பார்த்தா.

"உனக்குமா அடிச்சானுகள்? ஏன் புள்ள இப்பிடி நடுங்குற?"

"இல்ல அக்கா."

"புள்ள குட்டி இரிக்கா?"

"ஒரு பொம்புளப் புள்ள. யதுஷி. கடல் கொண்டு போயிற்று."

நாலு வருடத்தில் வெளியாள் ஒருவரிடம் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவ இரத்தம் பட்ட கையாலேயே என்னைப் பிடித்து எழுப்பினா. எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் மூன்று பேரும் மட்டக்களப்புக்குத் திரும்பினோம்.

கரடியனாற்றுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை தேவையாம். போகிறேன். அழகரத்தினம் அண்ணர் குடும்பத்துக்கு நீங்கள் விரும்பியதைச் சொல்லிக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் வழக்கப்படி இந்த வீடு பெண்பிள்ளையின் பெயரில், என் பெயரில் இருக்கிறது. இனி இதன் வாசலுக்கு வர வேண்டாம்.

இப்படிக்கு,
யதுஷியின் அம்மா