அடி அண்ணாமலையில் ஒரு படகு

அடி அண்ணாமலை
19-3-1995

அன்புள்ள சந்திரகலாவுக்கு,

திருமலை எழுதுவது. நான் நலம். உன் நலம் கேட்டால் 'இருக்கிறேன்' என்று ஒரு கார்டு வரும், அதனால் கேட்கவில்லை.

நீ கோபித்துக்கொண்டு கடலூருக்கு மாற்றல் வாங்கிப் போய், வருகிற ஜூனோடு ஒரு வருஷம். இந்த வருஷத்து மாற்றல் ஃபாரம் மே 31க்குள் கொடுக்க வேண்டுமாமே. திருவண்ணாமலை என்று எழுதிக் கொடுத்துவிடு. ஒரு ஃபாரம் எழுத டீச்சருக்கு எவ்வளவு நேரமாகும்.

படகு முடியப்போகிறது. அணையில் ஓடி ஓய்ந்ததென்று ஏலத்தில் எடுத்தபோது நீ பார்த்த கூடு இல்லை இப்போது. கேபினுக்குப் பழைய பஸ் ஜன்னல் வைத்தேன், கண்ணாடி மேலும் கீழும் ஓடும். பலகைக்குப் பலகை விரல் நுழைகிற இடுக்கு இருந்தது. எல்லாவற்றையும், பஸ் பாடி கட்டுகிற நம் பட்டறையில் தகரத்துக்குப் பூசுகிற பட்டிப் பசையை வைத்து அடைத்துத் தேய்த்துவிட்டேன். சுத்தியால் அடித்தாலும் பெயராது. மழை வந்து அணை நிரம்பட்டும். உனக்கென்று ஒரு சீட் போட்டிருக்கிறேன், நல்ல ஃபோம்.

திருமலை


கடலூர் முதுநகர்
27-3-1995

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முக்கால்வாசி படகு, மீதி ஃபாரம். நானும் ஓர் ஓரத்தில் இருந்தேன், சந்தோஷம்.

கோபித்துக்கொண்டு போனேன் என்கிறீர்கள். எதற்கென்று எழுதவில்லை, நானே எழுதுகிறேன். படகு லாரியில் வந்து இறங்கிய அன்று, 'வெயில்ல போடாதீங்க, பலகை சுருங்கிடும்' என்றேன். துறைமுகத்துத் தெருவில் பிறந்து வளர்ந்தவள் நான். நீங்கள் உங்கள் கூட்டாளி ஆதிமூலத்தையும் பட்டறை ஆட்கள் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு, "டீச்சருக்கு ஒண்ணாங்கிளாஸ் பசங்கதான் லாயக்கு, மரத்தைப் பத்தி இன்னா தெரியும்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அது அன்றைக்கு மட்டும் வந்த பேச்சு இல்லை. இரண்டே பேர் இருக்கிற வீட்டில் பதினாலு வருஷமாக நான் எது சொன்னாலும் அதே பேச்சுதான்.

இப்போதும் கேட்கப்போவதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்தப் பட்டியைப் பெயர்த்து எடுங்கள். மரம் தண்ணீர் குடித்தால் உப்பும். இடுக்கெல்லாம் கல் மாதிரி அடைத்து வைத்தால் அது எங்கே போகும்? உள்சட்டம்தான் உடையும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் காசி என்று ஒரு படகு ஆசாரி இருக்கிறார், அவரையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். முதலில் பலகை நன்றாக ஊற வேண்டும். அப்புறமும் இடுக்கு இருந்தால் எண்ணெயில் தோய்த்த பஞ்சு.

ஃபாரம் பற்றி இன்னும் யோசிக்கவில்லை.

சந்திரகலா


அடி அண்ணாமலை
17-4-1995

அன்புள்ள சந்திரகலாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரெண்டு நாள் படகுப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள், நீ சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகவே மோட்டார் போட்டுப் படகு நிறையக் கிணற்றுத் தண்ணீரை விட்டேன். அதற்கப்புறம் மூன்று நாள் ஒன்றும் ஆகவில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், பட்டென்று ஒரு சத்தம். உள்சட்டம் ரெண்டு பிளந்துவிட்டது. மோர் விற்கிற பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் ஓடிவந்து, "இன்னாப்பா, டயர் வெடிச்சிதா" என்று கேட்டது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பதினோரு நாளாக உளியை வைத்துப் பட்டியைப் பெயர்க்கிறேன். பாதிகூட வரவில்லை. நானே போட்டது, யாரைத் திட்டுவது.

இப்போது கஷ்டம் வேறு. கிணற்றில் இருந்த தண்ணீரையெல்லாம் படகில் கொட்டிவிட்டேன், பட்டியைப் பெயர்த்ததும் அது ஒழுகிப் போயிற்று. குடிக்கத்தான் மிச்சம் இருக்கிறது. ஊற வைக்க என்ன வழி? காசியைக் கேட்டு எழுது. உனக்கே தெரியுமென்றால் நீயே சொல்.

திருமலை


கடலூர் முதுநகர்
24-4-1995

அன்புள்ள உங்களுக்கு,

டயர் வெடித்ததைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் பிளந்த சட்டத்தை நினைத்து வருத்தமாகவும் இருந்தது. அது நல்ல மரம்.

புதிதாகத் தளம் போட்ட வீட்டில் வைக்கோலைப் பரப்பி நனைப்பார்களே, அதே மாதிரி செய்யுங்கள். மேலே ஓலைப் பந்தல். உள்ளேயும் வெளியேயும் சாக்கைப் போர்த்தி, காலை மாலை ரெண்டு குடம். காய மட்டும் விடாதீர்கள். இது காசி சொன்னதில்லை, என் யோசனை.

பஸ் ஜன்னல் கதையை அவரிடம் சொன்னேன். "படகுல ஷட்டர் ஜன்னலா? அந்த ஆளை நான் பாக்கணுமே" என்றார். கேபின் கட்ட மூன்று படகு நிற்கிறதாம், தகரம் வெட்டத் தெரிந்த ஆள் இல்லையாம். சும்மா எழுதினேன்.

பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது. லீவுக்கு வருகிறாயா என்று கேட்காதீர்கள்.

சந்திரகலா


அடி அண்ணாமலை
16-5-1995

அன்புள்ள கலாவுக்கு,

நடந்ததைக் கேள். பட்டியை முழுக்கப் பெயர்த்து, பிளந்த சட்டத்துக்கு இரும்புப் பட்டை அடித்துவிட்டு, நீ சொன்னபடி சாக்கு போர்த்தி நனைத்துக்கொண்டு வந்தேன். முந்தாநாள் சித்ரா பௌர்ணமி. கிரிவலம் போகிற கூட்டம் நம் வாசலிலேயே நெருக்கித் தள்ளுகிறது. பந்தலுக்குக் கீழே ஈரச் சாக்கு போர்த்திய ஒன்று, பக்கத்தில் தண்ணீர்க் குடம். செங்கம் பக்கத்து அம்மா ஒருத்தர் செருப்பில்லாத காலோடு வந்து, குடத்தை எடுத்து ஊற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். அவ்வளவுதான், பின்னாலேயே வரிசை. குடம் காலியானதும் எதிரே இருக்கிற தண்ணீர்ப் பந்தலிலிருந்து அவர்களே மொண்டு வந்து ஊற்றுகிறார்கள். ஒருத்தர் மூக்குப் பலகையில் குங்குமம் வைத்தார், ஒருத்தர் கற்பூரம் கொளுத்தவே பார்த்தார்.

பயந்துபோய், 'இது படகு. சாமி இல்லை' என்று அட்டையில் எழுதி மாட்டினேன். ஒரு பெரியவர் நின்று நிதானமாகப் படித்துவிட்டு, "இருந்துட்டுப் போகட்டும், அதுக்கும் தாகம் எடுக்காதா" என்று சொல்லிவிட்டு ஒரு சொம்பு ஊற்றினார். வெள்ளையம்மாள் மோர் விற்பதை விட்டுவிட்டு வரிசையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தது.

காலையில் சாக்கை எடுத்துப் பார்த்தேன் கலா. விரல் நுழைந்த இடத்தில் தபால் கார்டு நுழையவில்லை. மிச்சத்துக்குப் பஞ்சு போட்டால் போதும். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, ஆதிமூலத்திடம் சொல்லத் தோன்றவில்லை. ஃபாரத்துக்கு இன்னும் பதினைந்து நாள்.

திருமலை


கடலூர் முதுநகர்
21-5-1995

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் காசிக்கும் அவர் பெண்சாதிக்கும் படித்துக் காட்டினேன். அந்த அம்மா திரும்பப் படிக்கச் சொன்னார்.

ஃபாரத்தில் எல்லாம் எழுதி, ஊர்ப் பெயரை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். வர எனக்கு ஆசையில்லை என்று நினைக்காதீர்கள். சாயங்காலமானால் இந்த வீடு பிடிக்கவில்லை. ஆனால் நான் வந்த மறுநாள் பட்டறை ஆட்கள் வருவார்கள், நான் ஒன்று சொல்வேன், நீங்கள் ஒன்று சொல்வீர்கள், அவர்கள் சிரிப்பார்கள். இன்னொரு முறை என்னால் அதைத் தாங்க முடியாது. இத்தனை கடிதத்தில் படகுக்கு வந்த பிளவையெல்லாம் எழுதினீர்கள். எனக்கு எழுத வேண்டிய ஒன்றை மட்டும் எழுதவில்லை.

சந்திரகலா


அடி அண்ணாமலை
26-5-1995

அன்புள்ள கலாவுக்கு,

நான் சொன்னது தப்பு. பல பேர் எதிரில் சொன்னது பெரிய தப்பு. உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை உன் தலையில் கட்டினேன், பதினாலு வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள்.

நேற்று பட்டறையில் எல்லோரும் டீ குடிக்கும்போது சொன்னேன், படகைக் காப்பாற்றினது சந்திரகலா, உடைத்தது நான் என்று. ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆதிமூலம் மட்டும், "அது அன்னிக்கே தெரியும், நீ வேற" என்றான்.

நீ ஃபாரம் கொடுக்க வேண்டாம். பஞ்சு போட்டு முடித்தாயிற்று, அதற்கு இனி நிஜத் தண்ணீர் வேண்டும். இந்த அணைக்கு எப்போது மழை வருமோ. உங்கள் ஊரில்தான் உப்பனாறு இருக்கிறதே. காசியிடம் சொல், தகரம் வெட்டுகிற ஆள் கிடைத்துவிட்டான் என்று. வேலையை விடுகிறேன் என்று பட்டறை முதலாளியிடமும் சொல்லியாகிவிட்டது. நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை லாரி பேசியிருக்கிறேன், திருக்கோவிலூர், பண்ருட்டி வழியாக. நான் வரலாமா? வேண்டாமென்றால் ஒரு வரி எழுது, படகை மட்டும் அனுப்புகிறேன்.

உன்
திருமலை


கடலூர் முதுநகர்
1-6-1995

என் அன்புள்ள உங்களுக்கு,

29ஆம் தேதி காலையில் ஊர்ப் பெயரை எழுதி ஃபாரத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். திருவண்ணாமலை என்றுதான் எழுதினேன். உங்களிடமிருந்து அந்த மன்னிப்பு வராமலேயே எழுதினேன் என்பதை நினைத்து என்மேலேயே கோபம், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

உங்கள் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. படித்ததும் அப்படியே பஸ் ஏறி ஆபீசுக்கு ஓடினேன். மூடுகிற நேரம். ஃபாரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றால் கிளார்க்குக்கு வந்ததே கோபம். "ஏம்மா, போறீங்களா, இருக்கீங்களா, ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

"இருக்கேன் சார், அவர் வர்றார்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய் ஃபாரத்தைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டார்.

காசி ஞாயிற்றுக்கிழமை ஆள் கூட்டிவருகிறார், இறக்கிக்கொள்வோம். ஆசைப்பட்டுப் படகுக்குள் உட்கார்ந்துகொண்டு வராதீர்கள், ரோடு மோசம். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வாருங்கள். சமைத்து வைக்கிறேன்.

உங்கள்
கலா