மஹீரா எழுதாமல் விட்ட டைவ்

சாரம், புதுச்சேரி
ஜனவரி 24

அன்புத் தங்கை கமலவேணிக்கு,

உங்கள் மீதும் உங்கள் வீட்டார் மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும். நான் ஜஹபர் நிஷா, மஹீராவின் அம்மா. நீங்கள் இங்கே வங்கியில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் கடலுக்குள் இறங்கி டைவ் செய்துவிட்டு வரும்போது அவளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவீர்கள். உள்ளே வாருங்கள் என்றால், உடம்பெல்லாம் உப்பாக இருக்கிறது, இன்னொரு நாள் வருகிறேன் என்று வாசலோடு போய்விடுவீர்கள். அதற்குள் மாற்றல் வந்து கவுகாத்திக்கே போய்விட்டீர்கள். அங்கே குளிர் எப்படி இருக்கிறது? மஹீரா உங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அக்கா கடலே இல்லாத ஊருக்குப் போயிட்டாங்க என்று வருத்தப்படுவாள்.

நாங்கள் எல்லோரும் நலம். போன மழையில் எங்கள் தெருவே குளமாகிவிட்டது. தையல் மெஷினையும் அரிசி மூட்டையையும் மாடிக்கு ஏற்றுவதற்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. கட்டில் அடியில் இருந்த மஹீராவின் பெட்டியை யாரும் நினைக்கவில்லை. தண்ணீர் வடிந்தபின் திறந்தால், அவள் டைவ் எழுதி வைக்கும் நோட்டு கூழாகியிருந்தது. ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து ஃபேனுக்கு அடியில் காயவைத்தாள். வெறும் நீலக் கறைதான் மிஞ்சியது.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க எழுதுகிறேன். ஒவ்வொரு முறை கடலுக்குள் இறங்கி ஏறியதும் எந்த இடம், எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், டேங்கில் மீதிக் காற்று எவ்வளவு என்று எழுத வேண்டும். கூட இறங்கிய ஆள் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி நாற்பது டைவ் இருந்தால்தான் டைவ் மாஸ்டர் பயிற்சியில் சேர முடியும். அதை முடித்தால் மற்றவர்களை உள்ளே கூட்டிப்போகும் வேலை கிடைக்கும். இந்த வருஷம் டைவ் பள்ளி நடத்தும் உங்கள் தமிழ்மாறன் சாரிடம் ஓர் இடம்தான் இருந்தது. தான் கூடவே இறங்கிய டைவ்களுக்கு அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மற்றதற்கெல்லாம், கூட இறங்கியவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வா என்று சொல்லிவிட்டார். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியும் ஒரு பிரெஞ்சுக்காரப் பையனும் உடனே எழுதி அனுப்பினார்கள். அதிகமும் உங்களோடு இறங்கியவைதான். அதனால்தான் அவற்றை ஒரு பட்டியலாக எழுதி, கையெழுத்துக்காக உங்களுக்கு அனுப்பினாள்.

எல்லாம் கூட்டிப் பார்த்தபோது நாற்பதுக்கு ஒன்று குறைந்தது. மழைக்காலம், கடல் கலங்கிக் கிடந்தது, படகும் போகவில்லை. இன்னொரு முறை இறங்கிக் கணக்கைச் சரிசெய்ய வழியில்லை. மஹீரா, பரவால்லம்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்றாள். எனக்கு ஆச்சரியம். இந்தக் கடலுக்காக வீட்டில் எத்தனை சண்டை போட்டவள். பெண் பார்க்க வந்தவர்கள் என்ன செய்கிறாய் என்று கேட்டபோது, தண்ணிக்குள்ள போறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னவள். அவர்கள் திரும்பி வரவில்லை என்பது வேறு கதை. நானும் அவளோடு சண்டை போட்டவள்தான். ஆனாலும் அவளுடைய ரப்பர் உடுப்பு முழங்காலில் கிழிந்தபோது என்னிடம்தான் கொண்டுவந்தாள். மெஷினில் போட்டேன், ஊசி உடைந்தது. கடைசியில் கையாலேயே தைத்துக் கொடுத்தேன். தலை முதல் கால்வரை மூடுகிற இந்த உடுப்பைப் பார்த்தால் பெண் பார்க்க வந்தவர்களுக்கே குறை சொல்லத் தோன்றாது என்று என் வீட்டுக்காரர், அவளுடைய அத்தா, சிரித்தார். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு டைவ் குறைகிறது என்று கையை விரித்துவிட்டது எனக்குப் புரியவே இல்லை.

உங்கள் உறை வந்தபோது அவள் வேலையில் இருந்தாள். போன் பண்ணிச் சொன்னேன். பிரிச்சு எல்லாத்துலயும் கையெழுத்து இருக்கான்னு பாரும்மா என்றாள். பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு தாள் மட்டும் தனியாக, உங்கள் கையெழுத்தில் தமிழில் இருந்தது.

நீங்கள் எழுதியது எனக்கு மனப்பாடமாகவே தெரியும். "மஹீராவின் பட்டியலில் ஒரு டைவ் விட்டுப்போயிருக்கிறது. அது மறதி அல்ல. அன்று தண்ணீர் கலங்கி நாங்கள் இருவரும் மற்றவர்களைப் பிரிந்துவிட்டோம். முகத்தில் மாட்டியிருந்த என் டைவ் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததும் பயத்தில் எனக்கு எதுவுமே புரியவில்லை. வாயிலிருந்த காற்றுக்குழாயைத் துப்பிவிட்டு மேலே போக உதைத்தேன். தடுக்க வந்த மஹீராவின் கண்ணாடியைப் பிடுங்கிவிட்டேன். அவள் உப்புத் தண்ணீரில் கண்ணைத் திறந்துகொண்டு என்னை விடாமல் பிடித்தாள். தன்னிடமிருந்த இன்னொரு குழாயை என் வாயில் வைத்து, மெதுவாக மேலே கொண்டுவந்தாள். யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினேன். இன்றுவரை அவள் சொல்லவில்லை. இந்த டைவ் நடந்தது என்பதற்கு நான் சாட்சி."

தங்கச்சி, உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். படித்ததும் எனக்கு முதலில் நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. என் பிள்ளையின் கண்ணாடியையா பிடுங்கினாய் என்று மனதுக்குள் உங்களைத் திட்டினேன். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண் சிவந்து வந்தது ஞாபகம் வந்தது. கண்ணாடிப் பட்டை அறுந்துவிட்டது என்று சொல்லியிருந்தாள். நானும் ரோஸ் வாட்டர் விட்டுத் துடைத்துவிட்டு, சோறு போட்டேன். அன்று இரண்டு பேருமே மேலே வராமல் போயிருக்கலாம் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. தைக்க எடுத்திருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் அவள் வந்தாள். தாளைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள், இரண்டாவது முறையும் படித்தாள். பிறகு அதை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, இதக் குடுக்க மாட்டேன், அக்காவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் என்றாள். எனக்காக அவங்க அசிங்கப்படணுமா என்று கேட்டாள். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை.

அவளுடைய அத்தா அன்வருதீனை நீங்கள் பார்த்ததில்லை. நேரு வீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார். மகள் கடலுக்குப் போவதைப் பற்றி நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. அன்று தாளை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். படித்து முடித்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நீ வாக்கக் காப்பாத்திட்ட. இப்ப அவங்களே வாயத் தொறந்து சொல்லிட்டாங்க. சொல்றதுக்கு அவங்களுக்கு எவ்ளோ தைரியம் வேணும்? அத நீ பையில மடிச்சு வச்சா, இதுல வெக்கப்பட ஏதோ இருக்குதுன்னு நீயே சொல்ற மாதிரி ஆயிடும்மா."

அவள் அழுதாள். எப்போது கடைசியாக அழுதாள் என்றே எனக்கு ஞாபகமில்லை.

மறுநாள் மூன்று பேருமாக டைவ் பள்ளிக்குப் போனோம். நான் அந்த இடத்துக்குள் போனது அதுதான் முதல் தடவை. தமிழ்மாறன் சார் தாளைக் கடைசிவரை படித்தார். பிறகு மஹீராவிடம், கண்ணாடி போனப்புறம் மொதல்ல என்ன பண்ண என்று கேட்டார். அக்காவோட டேங்க் பட்டையைப் பிடிச்சேன், அப்புறம் என் மூச்ச மெதுவாக்கினேன், நான் மெதுவா விட்டாத்தான் அவங்களும் விடுவாங்க என்றாள். அவர் தலையை ஆட்டினார். பொதுவாகச் சொல்வது போல அவர் சொன்னதை நான் உங்களுக்கு அப்படியே சொல்ல வேண்டும்.

"தண்ணிக்குள்ள பயப்படாத ஆளு யாரும் கெடையாது. நானும் பயந்திருக்கேன். அத இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்த ஆள நான் இப்பத்தான் பாக்குறேன்."

மஹீராவுக்கு இடம் கிடைத்துவிட்டது. வெயில் ஏறியதும் பயிற்சி தொடங்கும். உங்களுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது. போனில் நானே சொல்கிறேன் என்று நான்தான் அவளைத் தடுத்து வைத்திருந்தேன். போனை எடுத்தால் எனக்குப் பேச்சு வராது என்று பட்டது, அதனால்தான் இந்தக் கடிதம்.

இன்னொன்று. நாங்கள் கிளம்பும்போது சார் ஒரு கேள்வி கேட்டார்: இது மஹீராவுக்கு ஒரு டைவ்னா கமலவேணி மேடத்துக்கும் ஒரு டைவ்தானே, அவங்க எழுதினாங்களா? நீங்கள் எழுதியிருக்கமாட்டீர்கள் என்று மஹீரா சொன்னாள். அங்கேயே ஒரு புதுத் தாளை வாங்கி, தேதி, இடம், ஆழம் எல்லாம் நிரப்பினாள். குறிப்பு எழுதும் இடத்தில், "இருவரும் சேர்ந்து மேலே வந்தோம்" என்று மட்டும் எழுதி, கீழே கூட இறங்கியவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அது உங்களுடையது.

எனக்கு மூன்று பிள்ளைகள். வளர்த்தேன், சோறு போட்டேன், திட்டினேன். என் மகள் எப்படிப்பட்டவள் என்று யாரும் எனக்கு இப்படி எழுதிச் சொன்னதில்லை. உங்கள் கௌரவத்தைக் கீழே வைத்துவிட்டு நீங்கள் சொன்னீர்கள். ஐந்து வேளைத் தொழுகையிலும் உங்கள் பேரைச் சொல்லித்தான் துஆ கேட்கிறேன்.

இனிமேல் அவள் யார் யாரையோ உள்ளே கூட்டிப்போவாள். எல்லோரும் அவள் கையைப் பிடிப்பார்கள். மாசி பங்குனியில் தண்ணீர் தெளிந்துவிடும் என்கிறார்கள். லீவு கிடைத்தால் வாருங்கள், எங்கள் வீட்டிலேயே தங்குங்கள், உப்போடு வந்தாலும் சரி. அவள் உங்களைக் கூப்பிடக் கூச்சப்படுகிறாள், அதனால் நான் கேட்கிறேன். அவளுக்கும் ஒருநாள் தண்ணீருக்குள் பயம் வரும். அன்று அவள் பக்கத்தில், பயம் என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும்.

உங்கள் அக்கா,
ஜஹபர் நிஷா