நான் தேர்ந்தெடுத்த வெல்டிங் மெஷின்

இன்று காலை பக்கத்து வீட்டு கேட்டுக்குக் கீல் ஒட்ட ஓர் ஆள் வந்திருந்தார். தோளில் சாப்பாட்டுப் பை மாதிரி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். அதுதான் வெல்டிங் மெஷினாம். அவர்கள் சமையலறை பிளக்கில் வயரைச் செருகினார், வேலையை ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மதில் தாண்டி அந்த வாசனை வந்தது. வெல்டிங் ராடின் மேல்பூச்சு கருகும் வாசனை. எத்தனை முறை துவைத்தும் உங்கள் சட்டைகளை விட்டுப் போகாத வாசனை. ஜன்னலைச் சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் ஒன்று உண்டு. நல்ல பெயர் கெட்டுவிடுமே என்று வைத்திருந்தேன். வேறு காரணம் எதையும் இப்போது கற்பித்துக்கொள்ளப் போவதில்லை.

அப்போது எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்து வீட்டில் நாம் ஒன்பது பேர். உங்கள் அம்மா, பட்டு நூல் வியாபாரம் செய்த அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் நான்கு பேர், நாம் இருவர். அண்ணிக்கு மூச்சிரைப்பு. அதனால் அடுப்படி முழுக்க என்னுடையது. அங்கே இருந்த ஒரே ஜன்னல், புகை போவதற்காக என் தலைக்கு மேலே வைத்தது. அதில் வானம்கூடச் சரியாகத் தெரியாது. எதிர்வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் வரும். கான்வென்ட்டில் ஆங்கிலத்திலும் கணக்கிலும் நான் முதலாவதாக வந்தவள். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் நான் வாசித்த ஆங்கிலம் பிஸ்கட் டப்பாவின் மேல் அச்சடித்திருந்ததுதான்.

நீங்கள் பஸ் கம்பெனி ஷெட்டில் வெல்டர். அங்கே இருந்த மேஸ்திரியின் வாய் தாங்காமல், ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னீர்கள்: “ஒரு சின்ன மெஷின் இருந்தா போதும் மா. ஜன்னல் கிரில்லு, கட்டில் காலு, இன்னா வேல வந்தாலும் வூட்லயே செஞ்சிக்கலாம். அளவு எழுதறது, பில்லு போடறது எல்லாம் நீ பாத்துக்க. முன்ரூம்ல உனக்கு ஒரு மேசை போட்டுடறேன்.”

மேசை என்று ஒரே ஒரு முறைதான் சொன்னீர்கள். அன்று மத்தியானமே நான் அதைத் தெருவைப் பார்க்கப் போட்டுவிட்டேன், மனத்துக்குள். அதன் மேல் விரிக்க ஒரு துணி வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, டிரங்குப் பெட்டியில் வைத்தேன். இனிமேல் யாராவது வந்து என்னிடம் இத்தனை அடி, இத்தனை அங்குலம் என்று சொல்வார்கள். நான் எழுதிக்கொள்வேன். குழம்பைத் தவிர வேறு விஷயத்துக்கும் அந்த வீட்டில் என்னைக் கேட்பார்கள்.

மெட்ராஸ் கடை ஒன்றுக்கு எழுதிப் போட்டதில், மூன்று காகிதங்கள் வந்தன. எல்லாம் ஆங்கிலம். அவற்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தீர்கள். நான் கத்திரிக்காயை நகர்த்திவிட்டுக் கை துடைத்துக்கொண்டேன். முதலாவது, சிலிண்டர் வைத்துச் செய்யும் கேஸ் வெல்டிங். “பட்டு நூல் இருக்கற வூட்ல குண்டு வெக்கப் போறியா?” என்று உங்கள் அம்மா அங்கிருந்தே அதைத் தள்ளிவிட்டார். இரண்டாவது, எண்ணெய் ஊற்றிய பெரிய டிரான்ஸ்ஃபார்மர். பீரோ மாதிரி இருந்தது, நாலு பேர் இல்லாமல் நகராது. மூன்றாவதுதான் நீங்கள் கேட்டது. இரண்டு பக்கமும் கைப்பிடி, கீழே சக்கரம், இரண்டு ஆள் தூக்கிவிடலாம். அதிலேயே இரண்டு மாடல் போட்டிருந்தார்கள். நான் எடை, ஆம்பியர், எவ்வளவு கனமான ராடு எரியும் என்பதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி ஒப்பிட்டேன். இரண்டாவது மாடல் எடை குறைவு, சக்தி அதிகம். “இதுதான்” என்றேன்.

ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டாலும் நீங்கள் உற்றுப் பார்ப்பவர். கடைசி வரியில் விரலை வைத்தீர்கள். “இது இன்னா மா? அந்த மாடலுக்கு ஒரு மாதிரி இருக்குது, இதுக்கு வேற மாதிரி இருக்குது.”

முதல் மாடலுக்கு ஒரு லைன், இதற்கு மூன்று ஃபேஸ் சப்ளையில் இரண்டு லைன் என்று அந்த வரி சொன்னது. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரியும். சேர்த்து வைத்தால் என்ன பொருள் என்று தெரியவில்லை. அண்ணி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “அது ஒண்ணுமில்லீங்க. கம்பெனிக்காரங்க எல்லாத்துலயும் போடறதுதான்” என்றேன்.

ஷெட்டில் மின்சாரம் எலக்ட்ரீஷியன் பாடு, உங்கள் கையில் ராடு பிடிக்கும் ஹோல்டர் மட்டும்தான். அதனால் நீங்கள் என்னை நம்பினீர்கள். ஆர்டர் கடிதத்தை நானே ஆங்கிலத்தில் எழுதினேன். மூன்று முறை திருத்தினேன். அதில் ஒரு பிழை கிடையாது.

லாரியில் மெஷின் வந்து இறங்கிய அன்று ஷெட் வேலையை விட்டுவிட்டு வந்தீர்கள். முன்ரூமிலிருந்து அண்ணனின் நூல் மூட்டைகளை உள்ளே தள்ளினோம். மறுநாள் லைன்மேன் வந்தார். மெஷினின் பின்பக்கத்தைப் பார்த்தார், நம் மீட்டரைப் பார்த்தார், சிரித்துவிட்டார். “இன்னாங்க இது? ரெண்டு லைன் மெஷினு. உங்க வூட்டுக்கு வந்துக்கினு இருக்கறதே ஒரு லைனு. இதுல வெச்சா பொறிகூட வராது.”

மூன்று ஃபேஸ் கேட்டு எழுதிக் கொடுத்தால் வருடக்கணக்கில் ஆகும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

உங்கள் அம்மா அதற்குப் பிறகு விட்டாரா? வருகிறவர்களையெல்லாம் முன்ரூமுக்குக் கூட்டிப் போய்க் காட்டுவார். “இங்கிலீசு படிச்சவ பாத்து வாங்கினது. கோயில் யாளி மாதிரி குந்திக்கினு இருக்குது பாரு. தீனி போடறதுக்குத்தான் ஆளு இல்ல.” நான் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஷெட்டில் உங்கள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். பதினாறு நாள் நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். அந்தப் பதினாறு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு காலையிலும் நினைத்தேன். சொல்லவில்லை.

பதினேழாம் நாள் முசரவாக்கத்திலிருந்து உங்கள் மாமன் மகன் வந்தார். பம்ப் செட்டின் இரும்புப் பீடம் வெடித்துவிட்டதாம். கழற்றிக் காஞ்சிபுரம் கொண்டுவர நாலு மாடு வேண்டும் என்று புலம்பினார். திடீரென்று நீங்கள் கேட்டீர்கள்: “உங்க கெணத்து மோட்டாருக்கு எத்தினி லைனு வருது?”

“மூணு.”

அன்றைக்கே மெஷினை வண்டியில் ஏற்றினீர்கள். மின்சாரம் வரும் நேரத்துக்குக் காத்துக் கிடந்து, மூன்று நாள் கழித்து வந்தீர்கள். முகம் கருத்து, மூக்கு நுனி தோலுரிந்து, சிரித்த முகமாக. கை கால் கழுவுவதற்கு முன்னால் முற்றத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னீர்கள்: “இவ இன்னா சும்மாவா எடுத்தா? கழனிக்கு கழனி மூணு லைன் வந்துக்கினு இருக்குது, கையில தூக்கிக்கினு போற மெஷின் ஒருத்தன்கிட்டயும் இல்ல. யோசிச்சு எடுத்திருக்கா. நமக்குத்தான் வெளங்கல.”

உங்கள் அம்மா என்னைப் பார்த்தார். அண்ணி பார்த்தார். நான் உங்களுக்கு மோர் கொண்டுவர உள்ளே போனேன்.

அன்றிலிருந்து நீங்கள் ஓரிக்கை, திருமுக்கூடல் என்று கிணற்றுக்குக் கிணறு போனீர்கள். கலப்பைக் கொழு, மோட்டார் பீடம், வண்டி அச்சு. வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். நூல் மூட்டைகள் முன்ரூமுக்குத் திரும்பி வந்தன. மேசை வரவில்லை. வேலை வீட்டுக்கு வராதபோது மேசை எதற்கு? அடுப்படியில் எனக்கு ஒரே ஒரு மாற்றம். என்னைத் திட்டுவது நின்றது. மரியாதையாகச் சாப்பாடு கேட்டார்கள்.

அது போதாது என்று யாரிடம் சொல்வேன்? மேசை வேண்டும், தெருவைப் பார்த்து உட்கார வேண்டும் என்று நான் வாய் திறந்தால், பம்ப் செட்டை நினைத்து மெஷின் எடுத்தது பொய் என்று ஆகிவிடும். நீங்கள் கொடுத்த புகழ் என் வாயை அடைத்தது. ஒரு தடவை கூப்பிட்டீர்கள், “வா மா, முக்கூடல்ல மூணு ஆறும் சேர்றதப் பாத்துட்டு வரலாம், கோயிலு இருக்குது” என்று. “நான் எதுக்குங்க, வேடிக்கை பாக்கவா?” என்று கேட்டுவிட்டேன். உங்கள் முகம் சுருங்கியது. கையில் பென்சிலும் அளவு நோட்டும் கொடுத்துக் கூப்பிட்டிருந்தால் செருப்புக்கூடப் போடாமல் வந்திருப்பேன். அதையும் நான் சொல்லவில்லை, உங்களுக்கு எப்படித் தெரியும்?

வெல்டிங்கைப் பற்றி நீங்கள் சொல்வது ஒன்று உண்டு: “ஒட்டினா ஒட்டணும். ஒட்டின மாதிரி இருக்கக் கூடாது.” ஒட்டிய இடத்தில் சாம்பலாகப் படிந்த மேலோட்டைத் தட்டிப் பார்க்காமல் ஒரு வேலையையும் கொடுக்க மாட்டீர்கள். என்னை மட்டும் ஏன் தட்டிப் பார்க்கவில்லை என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். ஒருவேளை அந்த வரி உங்கள் நினைவில் இருந்ததோ, என் மானத்தைக் காப்பாற்றத்தான் முற்றத்தில் நின்று அப்படிப் பேசினீர்களோ? உண்மையாகவே நம்பினீர்களோ? இரண்டில் எது என்றாலும் எனக்குத் தாங்காது. அதனால் நான் கேட்கவே இல்லை.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முசரவாக்கத்து ஆட்கள் நிறைய. பழைய விவசாயி ஒருவர் தம் மருமகளை என் முன்னால் நிறுத்தினார். “இவங்கதாம்மா. அந்தக் காலத்துலயே இங்கிலீசுப் பொஸ்தகம் பாத்து, கெணத்து லைனுக்கு ஏத்த மெஷினா பாத்து எடுத்தாங்க. இவங்க வூட்டுக்காரரு சொல்லிச் சொல்லி மாளாது.” அந்தப் பெண் குனிந்து என் காலைத் தொட்டாள். எம்.எஸ்ஸி. படித்திருக்கிறாளாம். வீட்டில்தான் இருக்கிறாளாம். அவளிடமாவது சொல்லியிருக்கலாம்: புரியாததைப் புரியவில்லை என்று சொல்லம்மா, நான் சொல்லாமல் விட்டதில் முப்பது வருடம் அடுப்படியில் போயிற்று என்று.

அந்த மெஷின் காகிதத்தின் கடைசி வரி எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். ஆனால் அன்று அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்து, “ஆமாம், நன்றாக யோசித்துத்தான் எடுத்தேன்” என்றேன்.