ஞாயிற்றுக்கிழமை வரை பொத்தி வைத்தாயே

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுமென்று கர்த்தரிடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாலும் அவர் காதில் விழும் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. சமையலறைக் கூரை ஒழுகின இடத்தை அடைத்தாயிற்று. தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்ததைக் கேள்விப்பட்டு நீ போட்ட கடிதமும் வந்து சேர்ந்தது. வாழ்த்து ஒரே ஒரு வரி, மிச்சமெல்லாம் நிபந்தனை. குழந்தையைச் சபையில் கர்த்தருக்கு ஒப்புக்கொடுப்பதற்கு முன்னால் தம்பி எல்லார் முன்பாகவும் எழுந்து நின்று தன் பாவத்தை அறிக்கையிட வேண்டும், இல்லாவிட்டால் வருவதற்கு என் மனச்சாட்சி இடங்கொடுக்காது என்று எழுதியிருக்கிறாய். உன் மனச்சாட்சி இப்போதுதான் தூங்கி எழுந்ததா? போன தடவை நீ லீவில் வந்தபோது அது எங்கே போயிருந்தது என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். உட்கார்ந்து படி, நின்றபடி மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் மடித்துப் போடாதே.

நீ இங்கே இருந்த அத்தனை நாளும் உன்னைக் கூட்டிக்கொண்டு திரிந்தவன் தம்பி. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வந்த கையோடு அதே வேனில் உன்னை ஏற்றிக்கொண்டு நீ சொன்ன இடத்துக்கெல்லாம் போனான். புதன்கிழமை வேனில் உன் கண்ணாடி கீழே விழுந்து, அதை எடுக்கக் குனிந்தபோது சீட்டுக்கு அடியில் பாட்டிலைப் பார்த்தாய். இது நீயே சபையில் சொன்னது, நான் ஜோடித்துச் சொல்லவில்லை. பார்த்துவிட்டு என்ன செய்தாய்? கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊர்க்கதை பேசியபடி வீடு வந்தாய். நான் பரிமாறினேன், இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டீர்கள். வியாழக்கிழமை போயிற்று, வெள்ளிக்கிழமை போயிற்று, இரண்டு நாளும் அந்தப் பிள்ளைகள் அந்த வேனில்தான் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை போதகர் உன்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். சவுண்டு பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவன் தம்பி, அவன்தான் எழுந்து வந்து உன் உயரத்துக்கு மைக்கை ஏற்றிவைத்துவிட்டுப் போனான். அந்த மைக்கில்தான் நீ குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டு, என் கூடப்பிறந்தவனே குடிச்சிட்டு வேன் ஓட்டுறான், பிள்ளைங்களை வச்சுக்கிட்டு ஓட்டுறான், அவனுக்காக எல்லாரும் பாரப்பட்டு ஜெபம் பண்ணுங்க என்று சொன்னாய். சுவிட்ச் அவன் கையில் இருந்தது. அணைக்கவில்லை. நீ ஆமென் சொல்லும்வரை குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான். மாசமாயிருந்த அவன் பெண்டாட்டி என் கையைப் பிடித்து நெரித்த நெரிப்பு எனக்கு இன்னும் வலிக்கிறது.

உடனே பதில் எழுதப் பேனாவைத் தேடாதே. நீ சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. அவன் குடித்தான். வேன் சாவி அவன் கையைவிட்டுப் போக வேண்டியதுதான், போனது நல்லதுதான், பெற்றவள் என்பதற்காக அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் உனக்கு அந்தப் பிள்ளைகள்மேல் அக்கறை இருந்திருந்தால் புதன்கிழமையே சாவியைப் பிடுங்கியிருப்பாய். தம்பிமேல் அக்கறை இருந்திருந்தால் அங்கேயே வண்டியை நிறுத்தச் சொல்லி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பாய், அடித்திருந்தால்கூட நான் கேட்டிருக்கமாட்டேன். நீ ஞாயிற்றுக்கிழமை வரை பொத்தி வைத்தாய், அன்றைக்குத்தான் கூட்டம் இருக்கும் என்பதால். அன்புக்குப் பொறுத்திருக்க முடியாது, தீர்ப்புக்குத்தான் ஆள் சேர வேண்டும். முதலில் தனியாகப் போய்ச் சொல் என்று வேதத்தில் போட்டிருப்பதை நீ எனக்கே எத்தனை தடவை விளக்கியிருக்கிறாய். ஆலையில் பொருளைத் தட்டிப் பார்த்து, சொத்தையைக் கழித்துப் போடுவது உன் உத்தியோகம், அதற்குச் சம்பளம் தருகிறார்கள். கூடப்பிறந்தவனைக் கழித்துப் போட உன்னை எவன் வேலைக்கு வைத்தான்? சொன்னது சொன்னாய், அன்று சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியும் விட்டாய். போய்ச் சேர்ந்ததும், எல்லாரும் ஜெபிக்கிறார்களா என்று விசாரித்தாய். அவன் சாப்பிட்டானா என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை தம்பிக்கு வேலை போயிற்று. செவ்வாய்க்கிழமை அவன் மாமியார், சம்பந்தியம்மா வந்தாள். எனக்கும் அவளுக்கும் ஆகாது என்பது உனக்குத் தெரியும், கல்யாணத்திலிருந்தே முகத்துக்கு முகம் பார்த்துப் பேசினதில்லை, இப்போதும் பெரிதாகப் பிடித்துவிடவில்லை. தன் சலவைக்கடையைப் பூட்டிவிட்டு, கட்டியிருந்த ஈரச் சேலையோடு வந்தவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேரே அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்த வாய்க்குக் கதவு எம்மாத்திரம்? என் பொண்ணு வயித்துல பிள்ளையோட நிக்கிறா, நீ ஊரார் பிள்ளைங்களைச் சாவுக்குக் கூட்டிட்டுப் போறியாடா, உனக்கு வெக்கமா இல்லையா என்று அவள் கத்தின கத்தலில் நானே நடுங்கிப்போய் அடுப்பை அணைத்துவிட்டேன். நீ மைக்கில் சொன்னதைவிட நூறு மடங்கு கேவலமாகக் கேட்டாள். அப்புறம் சத்தம் நின்றது, அவன் அழுவது கேட்டது, அவளும் அழுதாள். வெளியே வரும்போது அவன் முழங்கையைப் பிடித்திருந்தாள். அப்படியே குடியை நிறுத்த வைக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்து, அவன் கைகால் உதறி முடியும்வரை வராந்தா பெஞ்சில் கிடந்தாள். யாரும் வேலை கொடுக்க மாட்டேன் என்றபோது தன் கடையிலேயே இஸ்திரி போட நிறுத்தினாள். தினமும் கடை வாசலில் வைத்து, மாப்பிள்ளை வாயைத் திறங்க, ஊதுங்க என்பாள், அவனும் சின்னப்பிள்ளை மாதிரி ஊதிவிட்டு உள்ளே போவான். நடுவில் ஒரு தடவை சறுக்கினான். அன்றைக்கும் தெருவே கேட்கிற மாதிரித் திட்டினாள், மறுநாள் அவனுக்கும் சேர்த்துத்தான் சாப்பாடு கொண்டுவந்தாள். இதுதான் திருத்துவது. உன்னைவிட அவளுக்கு வாய் நீளம், ஆனால் பேசிவிட்டு ஓடிப்போகவில்லை.

அறிக்கை கேட்டாயே, அவன் போன மாதமே செய்துவிட்டான், உன்னைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. வேனில் போன பிள்ளைகளின் வீடு ஒவ்வொன்றுக்கும் நடந்து போய், வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டான். சிலர் உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு தகப்பன் முகத்தில் அறைகிற மாதிரி கதவைச் சாத்தினான், ஒரு தாய் வாய்க்கு வந்தபடி பேசினாள், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான். சம்பந்தியம்மா ஒவ்வொரு தெருமுனையிலும் நின்றிருக்கிறாள். தப்பு யாரிடம் செய்தானோ அவர்களிடம் சொன்னான், இதற்குமேல் உனக்கு என்ன வேண்டும்? உன்மேல் அவனுக்குக் கோபமா என்று கேட்டேன். அண்ணன் சொன்னது நிஜம்தாம்மா, ஆனா பார்த்த அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா நான் அவன் காலைப் பிடிச்சிட்டு அழுதிருப்பேன், சொல்ல மாட்டானா சொல்ல மாட்டானான்னுதான் நாலு நாளும் வண்டி ஓட்டினேன், அவன் பாட்டிலைப் பார்த்ததை நானும் பார்த்தேன் என்றான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்கு இறங்குகிறதா?

அடுத்த மாதம் முதல் ஞாயிறு குழந்தையை ஒப்புக்கொடுக்கிறோம். நீ வந்தாலும் நடக்கும், வராவிட்டாலும் நடக்கும். வருவதாயிருந்தால் சலவைக்கடைக்குப் போ, அவன் இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பான், வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய்ப் பேசு. அதைச் செய்யாமல் நேராகச் சபையில் வந்து உட்கார்ந்தால் உன் பக்கத்தில் நான் உட்காரமாட்டேன். பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டதாக மருமகள் சொன்னாள், அந்த வேலையெல்லாம் வேண்டாம், ஒழுங்காகப் போடு. பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். உன்மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் உன்னை ஆசீர்வதிக்காமல் ஜெபத்தை முடிக்க எனக்கு வரவில்லை, கர்த்தர் உன் கையின் பிரயாசத்தையும் உன் வாயையும் காக்கட்டும். யாருக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறாய் என்று அப்பா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார், முழங்கால் தைலம் வாங்கி அனுப்பச் சொல்லி எழுதுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். போதகருக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. உன்னிடம் சொல்ல வேண்டியதை உன்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னையும் அவனையும் பெற்ற அம்மா