யூனிஃபார்மில் போனது

நவம்பர் 12, புதன்

இன்று நான் செய்தது மடத்தனம். என்னோடு ஒன்றாகப் பறக்கப் பழகிய மகேஷ் விண்வெளிக்குப் போகத் தேர்வாகிவிட்டான். மத்தியானம் பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, "சுதா போன் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்குடா, நீயே நேர்ல போய் சொல்லிடு" என்றான். தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் முடிச்சூரில் இருக்கும் அவன் வீட்டுக்கு ஜீப்பில் கிளம்பினேன். வாழ்த்துச் சொல்ல எங்கள் டாக்டரும் கூடவே வந்தார்.

விமானம் விழுந்து பைலட் செத்தால், வீட்டுக்குச் சேதி சொல்ல யூனிஃபார்மில் போகும் அதிகாரி கூடவே ஒரு டாக்டரையும் அழைத்துப் போவார். பைலட்டுகள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும். எனக்குத்தான் அப்போது தோன்றவில்லை.

கதவைத் திறந்த அவன் மனைவி சுதா எங்கள் இருவரையும் பார்த்தாள். நேரே போய் அடுப்பை அணைத்தாள். மகளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். பிறகு தரையில் உட்கார்ந்து, "எப்போ ஆச்சுண்ணா?" என்றாள்.

"ஐயோ, அவன் நல்லா இருக்கான்மா! செலக்ட் ஆயிட்டான்!" என்று கத்தியேவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது, "அடுத்த தடவை சாதா டிரெஸ்ல வாங்கண்ணா. அந்த விஷயமாவே இருந்தாலும்" என்றாள்.

தலையாட்டினேன். ராக்கெட்டில் ஏதாவது ஆனால் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டியவர் யார் என்று படிவத்தில் கேட்டார்களாம். மகேஷ் என் பெயரை எழுதியிருக்கிறான். அதை அவளிடம் சொல்லவில்லை.

இப்போதுதான் ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, பீரோவில் தனியாக மாட்டினேன்.