துண்டுக்கு அடியில் ஒளி

அன்புள்ள அப்பாவுக்கு, ஜெர்மனியிலிருந்து யோகப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி தேவலைங்களா? அம்மா மாத்திரையை வேளைக்குப் போடுகிறார்களா?

நான் சௌக்கியம். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். ஆய்வகத்து உறைகுளிர்ப் பெட்டி பட்டு விரல் ஒன்று கொப்புளித்தது, ஆறிவிட்டது.

நாங்கள் செய்த குவாண்டம் நினைவகம் போன வாரம் வேலை செய்துவிட்டதுங்கப்பா. ஒளியில் இருக்கும் செய்தியை ஒரு படிகத்துக்குள் நிறுத்தி, கெடாமல் திருப்பி எடுத்தோம். நடுவில் யாராவது பார்த்தால் செய்தி அழிந்துவிடும்.

இதை ஆய்வகம் பார்க்க வந்த விருந்தினர்களுக்கு விளக்கும் வேலை எனக்கு. வேலந்தாவளம் சந்தையில் நீங்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து மாட்டுக்கு விலை பேசுவதை, எங்கள் பேராசிரியரின் கையைப் பிடித்துச் செய்து காட்டினேன். அவர் ஆர்வத்தில் துண்டைத் தூக்கிவிட்டார். "தூக்குனா யாவாரம் கெட்டுப்போச்சுங்க" என்று நம் பேச்சிலேயே சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னதும் எல்லோருக்கும் விளங்கியது. யாரிடம் கற்றாய் என்று கேட்டார்கள். "எங்கப்பா மாட்டுத் தரகர்" என்றேன். இப்போது ஆய்வகத்தில் அந்தப் படிகப்பெட்டியின் பெயரே 'துண்டு'தான்.

அன்று நான் விரித்தது குளியல் துவாலை. உங்கள் துண்டு ஒன்றை அனுப்புங்கள். புதிதாக வாங்க வேண்டாம். அம்மாவிடம் துவைக்கவும் கொடுக்க வேண்டாம்.

பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகள்,
யோகப்பிரியா